ஊருக்குப் போனால் ஊசி விட்டுப்போகிறது: நெல்லைப் பக்கம் என்ன வழி?

வணக்கம். தாராவியில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் மனநல நர்ஸ்கள் நாங்கள். மனச்சிதைவு உள்ள ஒருவருக்கு 14 நாளுக்கு ஒருமுறை ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் (உடம்பில் மெல்ல இறங்கும் மனநோய் மருந்து) ஊசி 25 மி.கி., இடுப்புத் தசையில். போன வருஷம் ஆடிக் கொடைக்கு நாங்குநேரிப் பக்கம் போய் 45 நாள் இருந்துவிட்டார். மூன்று ஊசி போச்சு. மருந்து மெல்ல இறங்குவதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் தூக்கம் போனது. பிறகு வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை, விஷம் வைத்திருக்கிறார்கள் என்று.

ஆம்பூலை (ஊசி மருந்துக் குப்பியை) கையில் கொடுத்துப் பார்த்தோம். எள்ளெண்ணெயில் கரைத்த மருந்து, ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளிச்சம் படாமல் இருந்தால் போதும். சிக்கல் அதில் இல்லை. சீட்டு மராத்தியில் இருந்ததால் அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட மறுத்துவிட்டார்கள் (அவர்களைக் குறை சொல்ல முடியாது). மாத்திரையாக மாற்றினோம், ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார். டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) 14416-இல் ஆலோசனை கிடைத்தது, ஊசி போட ஆள் கிடைக்கவில்லை. கிளம்பும்முன் டோஸைக் கூட்டலாம் என்றார் ஒருவர். கை கால் விறைப்பு வரும், எங்களுக்குச் சம்மதமில்லை.

இந்த முறை டாக்டர் கையெழுத்தோடு ஆங்கிலக் கடிதம் தயார்: மருந்து, அளவு, கடைசி ஊசித் தேதி, எந்தப் பக்க இடுப்பில் போட்டது, கூடவே விறைப்புக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி.

இந்தக் கடிதத்தோடு போனால் நெல்லை மாவட்ட மனநலத் திட்டத்தில் நேராக ஊசி போடுவார்களா, முதலில் அங்குள்ள மனநல மருத்துவரைப் பார்த்துப் பதிய வேண்டுமா?