புரோஷர் அடிச்ச அனுபவம்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

ஈரோடு டிடிபி

18 வருஷமா ஈரோட்டுல டிசைன் வேலை பாக்கறேன். லேபிள், பை, கல்யாணப் பத்திரிகைன்னு கை வைக்காதது இல்லை. ஆனா புரோஷர்னா, அதான் விளம்பர மடிப்புத்தாள்னா, என்னன்னு எனக்குப் புரிஞ்சது, ஒரு பவானி ஜமுக்காளக் கடைக்காரரோட கோவை கொடிசியா வளாகக் கண்காட்சியில ரெண்டு நாள் நின்ன பொறவுதான்.

அவர் மூணாந்தலைமுறை வியாபாரி. எங்கிட்ட வரும்போதே முடிவோட வந்தார். முன்பக்கம் மேலே பிள்ளையார், நடுவுல அவங்க அப்பாரு படம், கீழே கடைப்பேரு. உள்ளே கடை வரலாறு, பொடி எழுத்துல ரெண்டு பக்கம். பின்னாடி விலாசமும் பேங்க் கணக்கு நம்பரும். மூணு மடிப்பு, 170 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்ங்கற எடைக் கணக்கு) ஆர்ட் பேப்பர், 2000 காப்பி. பளபளன்னு வந்துச்சு. ரெண்டு பேருக்குமே திருப்தி.

கண்காட்சியில ஸ்டாலுக்கு ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்து வேடிக்கை பாத்தேன். கையில வாங்கறவங்க பெரும்பாலும் முன்பக்கத்தை ஒரு பார்வை பாத்துட்டு உடனே பின்பக்கம் திருப்பறாங்க. அங்கே விலாசமும் பேங்க் நம்பரும் மட்டும். மடிப்பைப் பிரிக்காமலே பைக்குள்ள போயிருது. அதைப் பையில வெச்சுக்கிட்டே கடைக்காரரைக் கேக்கறாங்க: "இது எத்தனை அடிங்க?", "தொவைச்சா சாயம் போகுங்களா?", "கூரியர்ல அனுப்புவீங்களா?" திரும்பத் திரும்ப இதே மூணு கேள்வி. மூணுக்கும் நாங்க அடிச்ச தாள்ல பதில் இல்லை. சாயங்காலத்துக்குள்ள அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு.

ராத்திரி சாப்பிடும்போது தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், "அப்பாரு படத்தை உள்பக்கம் கொண்டு போயிரலாமுங்களா?" கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அவர் தறிக்குழியில உக்காந்து நெய்யற படம் ஒண்ணு ஊட்டுல இருக்குதுங்க, அதைப் போட்டுக்கலாமா?"ன்னார். அந்தப் படம்தான் மொத்த டிசைனையும் மாத்துச்சு. முன்பக்கத்துக்கு ஓரமே விடாம ஜமுக்காளத்தோட வரிகள் மட்டும். சிவப்பு, பச்சை, நீலம், தடி நூலோட முறுக்கு தெரியற அளவுக்குக் கிட்டப் போய் எடுத்தோம். பிரிச்சா உள்ளே அப்பாரு தறியில. அதுக்குக் கீழே ரெண்டே வரி: பவானி ஜமுக்காளத்துக்கு 2005-06ல புவிசார் குறியீடு கிடைச்சது, 1985ஆம் வருஷத்துச் சட்டம் கைத்தறிக்குன்னு ஒதுக்கின ரகங்கள்ல ஜமுக்காளமும் ஒண்ணு. வரலாறுக்கு அவ்வளவு இடம் போதும்னு அவரே சொன்னார். பக்கத்து மடிப்புல அளவுகள். வெறும் அடிக்கணக்கு எழுதினா கண்ணுக்குத் தெரியாதுங்க. நாலு பேரு உக்காந்த மாதிரி, எட்டுப் பேரு பந்தியில உக்காந்த மாதிரி கோட்டுப்படம் போட்டோம். பின்பக்கம் அந்த மூணு கேள்வியும் பதிலும், போன் நம்பர் தடிச்ச எழுத்துல.

அடுத்த கண்காட்சிக்கும் போனேன். ஸ்டால்லயே நின்னு பிரிக்கறாங்க. எட்டுப் பேரு படத்து மேல வெரலை வெச்சு, "இந்த அளவு இருக்குதுங்களா?"ன்னு கேட்டாங்க.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

பள்ளிபாளையம் அச்சகம்

அண்ணா, நான் மெஷின் பக்கத்திலிருந்து சொல்றேன். ஏ4 தாள் 297 மி.மீ. மூணு மடிப்புன்னதும் சரிசமமா 99 மில்லின்னு பிரிச்சுக் கொண்டு வந்துடறாங்க. உள்ளே மடங்கற பக்கம் ரெண்டு மில்லியாவது சின்னதா இருக்கோணும், இல்லீன்னா மடக்கும்போது இடிச்சு ஓரம் நெளிஞ்சு நிக்கும். 100, 100, 97ன்னு வெச்சா அழகா உக்காரும். நாலு ஓரமும் வெட்டறதுக்கு 3 மில்லி எச்சா விடுங்க. கனமான தாள்னா மடிக்கறதுக்கு முன்னாடி கிரீசிங், அதாவது மடிப்பு வர்ற எடத்துல அழுத்தின கோடு, போட்டாகோணும். கருஞ்சிவப்பு, கருநீலம் மாதிரி அடர்நிறம் மடிப்பு மேல விழுந்தா வெடிச்சு வெள்ளைக்கோடு தெரியும்.

எனக்கு மறக்க முடியாதது ஒரு மஞ்சள் மண்டிக்காரர் வேலை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச பொறவு, வெளிமாநில வியாபாரிகளுக்குக் குடுக்கறக்குன்னு கேட்டார். போன்ல எடுத்த படம், ஸ்க்ரீனுக்கான ஆர்.ஜி.பி நிறம். அப்படியே அச்சு மைக்கான சி.எம்.ஒய்.கேக்கு மாத்தி அடிச்சுட்டோம். தாளைக் கையில வாங்கினவர் முகம் வாடிப்போச்சு. "ஏனுங்க, இது பாசி புடிச்ச மஞ்சளாட்டம் இருக்குதே"ன்னார். உண்மைதான். மஞ்சள் நிறத்துல சயான்ங்கற நீல மை துளி கலந்தாலே பச்சையடிக்கும். ஸ்க்ரீன்ல அது தெரியாது. அவர் சரக்கை அவரே குறை சொல்ற மாதிரி நாங்க அச்சடிச்சுக் குடுத்திருக்கறோம். மொத்தத்தையும் என் செலவுல திரும்ப அடிச்சேன். இந்தத் தடவை ஒரு விரலி மஞ்சளை உடைச்சு மேஜை மேல வெச்சுக்கிட்டு, அந்த உள்நிறத்தோட ஒப்பிட்டுச் சயானைக் குறைச்சோம். இப்போ சரக்கு எதுவானாலும் ஒரு துண்டு கொண்டாந்து குடுங்கன்னு கேட்டுத்தான் வேலையே எடுக்கறேன்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

நாங்க வெளிநாட்டு பையருக்கு, அதாவது துணி வாங்கற கம்பெனிக்காரங்களுக்கு, அனுப்பறது. ஆரம்பத்துல எங்க புரோஷர் முழுக்க "தரம்", "நம்பிக்கை"ன்னு வார்த்தைதான். ஒரு பையர் அதை மூடி வெச்சுட்டு, துணி எத்தனை ஜி.எஸ்.எம், நூல் என்ன கவுண்ட் (நூலோட மெலிவுக் கணக்கு), குறைஞ்சது எத்தனை பீஸ் எடுக்கோணும், எத்தனை நாள்ல கப்பல் ஏறும்னு கேட்டார். இப்போ அந்த நாலும் முதல் பக்கத்துலயே இருக்கு. சர்டிபிகேட் வாங்காத முத்திரையைப் போடாதீங்க. நம்பரைக் கேப்பாங்க, சரிபாப்பாங்க. பின்னட்டையில சின்னத் துணித்துண்டு ஒட்டறோம். அதைத் தடவிப் பாத்துட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கறாங்க.

பொள்ளாச்சி நாற்றுப்பண்ணை

தென்னங்கன்னு விக்கறேனுங்க. நெட்டை, குட்டை, ஒட்டு ரகம் மூணையும் பத்தி நானே போன்ல தட்டி வாட்ஸப்புல அனுப்பினேன். டிசைன் பண்ற தம்பி பழைய சாப்ட்வேர்ல ஒட்டியிருக்கார். யூனிகோடு எழுத்து அதுல ஏறலை. கொம்பும் காலும் தனித்தனியா பிரிஞ்சு, எங்க ஊர் பேரே படிக்க முடியாம வந்துச்சு. அவருக்கும் அவசரம், எனக்கும் அவசரம், 1000 காப்பி அடிச்சாச்சு. அதுக்கப்புறம் கடைசி பைல்ல எழுத்தையெல்லாம் கர்வா, அதாவது மாறாத கோட்டு வடிவமா, மாத்தின பொறவு ஒரு பிரிண்ட் எடுத்து, எங்கம்மாவை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்றேன். அம்மா தடுக்கற எடத்துல ஏதோ தப்பு இருக்கும்.

ஈரோடு டிடிபி

தம்பி, அம்மாவை விட்டுப் படிக்க வைக்கறது ரொம்பச் சரிங்க. நானும் இனி அப்படியே செய்யறேன்.

கோபி விவசாயி

நான் புரோஷர் அடிச்சவனில்லை, வாங்கினவன். சொல்லலாமுங்களா?

மஞ்சளுக்கும் வாழைக்கும் சொட்டுநீர் போடலாம்னு ஒரு வருஷம் விசாரிச்சேன். ஒரு கம்பெனிக்காரங்க தடியான புத்தகமாட்டம் குடுத்தாங்க. எந்த நாட்டுத் தோட்டமோ, யாரோ சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க. என்ற காட்டுக்கு எத்தனை மீட்டர் பைப் வேணும், மானியத்துக்கு என்ன காகிதம் வேணும்னு அதுல எங்கேயும் இல்லை.

சந்தையில ஒரு சின்ன டீலர் ஒரே கலர்ல, சாதாத் தாள்ல ஒரு நோட்டீஸ் குடுத்தார். ஒரு ஏக்கரா வாழைக்கு இத்தனை அடி இடைவெளின்னா இத்தனை மீட்டர் பைப்புன்னு ஒரு பட்டியல். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம்னு ஒரு வரி. அதுக்குக் கீழே சிட்டா, அடங்கல், ஆதார், நில வரைபடம், சிறு விவசாயி சான்றுன்னு வரிசையா, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு கட்டம். காகிதம் வாங்க வாங்க அந்தக் கட்டத்துல டிக் அடிச்சுக்கிட்டே வந்தேன்.

பைப் போட்டு மூணு வருஷமாச்சு. அந்த நோட்டீஸ் இன்னும் பீரோக் கதவு உள்பக்கம்தான் ஒட்டியிருக்குது. போன மாசம் பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டப்போ அதைப் பாத்துத்தான் அந்த டீலரோட நம்பரைச் சொன்னேன்.