எஸ்.டி.பி.எம் (மலேசிய ஃபார்ம் சிக்ஸ் பரீட்சை) முடிச்சாச்சு, யுபியு-ல (கவர்மெண்ட் யுனிவர்சிட்டி விண்ணப்பம்) முதல் இடத்துல ஃபுட் டெக்னாலஜி போடலாமா? வீட்டுல டாக்டர்னு நிக்கிறாங்க

பட்டர்வொர்த்_பொண்ணு:

வணக்கம் அண்ணா அக்கா எல்லாருக்கும். ஃபார்ம் சிக்ஸ் சைன்ஸ் முடிச்சுட்டேன், பயோ கெமிஸ்ட்ரி மேத்ஸ், பாயிண்டர் 3.42, மூயெட் (இங்கிலீஷ் பரீட்சை) பேண்ட் 4. யுபியு மூட இன்னும் எட்டு நாள்தான் இருக்கு, 12 தேர்வு போடலாம், நான் நாலு போட்டு வச்சிருக்கேன், அதையும் தினம் ராத்திரி மாத்தி மாத்தி அடுக்கிக்கிட்டு இருக்கேன்.

அப்பா பினாங்கு தீவுல பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி ஆப்பரேட்டர், 22 வருஷமா ஷிஃப்ட் வேலை, ஃபேக்டரி பஸ்ஸுல பாலத்தை தாண்டி போய் வராரு. அம்மா காலையில வீட்டுக்கு முன்னாடியே தோசை இட்லி கடை போடுறாங்க. நான்தான் மூத்தவ, எனக்கு கீழ ரெண்டு தம்பி. ரிசல்ட் வந்த மூணாவது நாளே பெரியப்பா ஒரு ஏஜெண்ட்டை வீட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டாரு, பிரைவேட்ல மெடிசின் சேர்த்து விடுறேன், மொத்தம் மூணரை லட்சம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும், பாதிக்கு கடன் கிடைக்கும் மீதிய மெதுவா கட்டலாம்னு சொன்னாரு. அப்பா ஒண்ணுமே பேசல, ஆனா அன்னிக்கு ராத்திரி இபிஎஃப் (ஓய்வுக்கால சேமிப்பு) கணக்குல எவ்வளவு இருக்குன்னு கைப்பேசில பாத்துக்கிட்டு இருந்தாரு. அத பாத்ததுல இருந்து எனக்கு தூக்கமே வரல. அப்பாவுக்கு உண்மையான ஆசை இஞ்சினியரிங், தினம் ஃபேக்டரில இஞ்சினியருங்கள பாக்குறாரு இல்ல.

எனக்கு பிடிச்சது ஃபுட் டெக்னாலஜி. சும்மா சொல்லல, காரணம் இருக்கு. ஃபார்ம் டூல இருந்து கடைக்கு மாவு அரைக்கிறது என் வேலை. மழைக்காலத்துல மாவு பொங்காது, காலையில அம்மா பானைய திறந்து பாத்துட்டு முகம் வாடிடும், அன்னிக்கு இட்லி கிடையாது, யாவாரம் பாதி போச்சு. அதனால ஒரு நோட்டு போட்டேன், எத்தனை மணிக்கு ஊற வச்சேன், எப்ப அரைச்சேன், மழையா வெயிலா, எத்தனை மணிக்கு மாவு பானையில போட்ட கோட்டை தாண்டுச்சு, எல்லாம் எழுதி வச்சேன். வெந்தயம் போட்ட பானையும் போடாத பானையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்திருக்கேன், வெந்தயம் போட்டது கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் முன்னாடியே பொங்குச்சு. நோட்டு இப்ப மூணாவது ஓடுது. ஆனா பெரியப்பா, சமைக்கிறதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டின்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு, எனக்கு பதில் சொல்ல தெரியல, வேலை கிடைக்குமான்னு கேட்டா அதுக்கும் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பிறை_இஞ்சினியர்:

தங்கச்சி, முதல்ல இஞ்சினியரிங் விஷயத்த பேசிடுவோம், ஏன்னா நான் அதுலதான் இருக்கேன். அப்பா சொல்றதுல நியாயம் இருக்கு. 1972ல பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்குனதுல இருந்து இந்தப் பக்கம் நம்ம ஆளுங்க எத்தனையோ குடும்பம் அந்த ஃபேக்டரிங்கள நம்பிதான் எழுந்துச்சு, இன்டெல் வந்ததும் அந்த வருஷம்தான், இப்ப கூலிம் வரைக்கும் சிப் வேலை பரவி கிடக்கு. ஆனா நீ ஃபார்ம் சிக்ஸ்ல ஃபிசிக்ஸ் எடுக்கலையே. எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல்னு போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கோர்ஸுக்கும் கீழ இருக்கிற ஷரத்தை ஒரு வரி விடாம படி, தகுதி இல்லாத கோர்ஸை போட்டா ஒரு இடம் வீணா போகும், அவ்வளவுதான்.

என் கதைய சொல்றேன். நான் முதல்ல சேர்ந்தது வேற துறை, வீட்டுல சொன்னாங்கன்னு. ரெண்டாவது வருஷம் பாதியில தாங்கல, மாத்துனேன், எடுத்த பாடத்துல கொஞ்சம்தான் கணக்குல சேத்தாங்க, ஒரு வருஷத்துக்கு மேல போச்சு, பிடிபிடிஎன் கடன் (அரசாங்க படிப்புக் கடன்) மட்டும் ஏறுச்சு. அப்ப என் தப்பு என்னன்னா கோர்ஸ் பேரை பாத்தேன், உள்ள என்ன பாடம்னு பாக்கல. யுனிவர்சிட்டி வெப்சைட்ல அந்த ஸ்கூலோட பாட அட்டவணை இருக்கும், முதல் வருஷத்துல இருந்து கடைசி வருஷம் வரைக்கும், அத எடுத்து ஒவ்வொரு பாடமா தேடி பாரு. ஃபுட் டெக்னாலஜில சமையல் ரொம்ப கொஞ்சம். கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அப்புறம் சூடு பண்றது உலர்த்துறது குளிர வைக்கிறதுக்கு கணக்கு போடுற பாடம், இதுங்கதான் அதிகம். அத பாத்த பிறகும் உனக்கு ஆசை அப்படியே இருந்தா போடு. ஆசை மட்டும் போதும்னு சொல்றவங்கள நான் நம்ப மாட்டேன், அந்த கணக்கையும் நீ உக்காந்து போடணும்.

வார்டு_அக்கா:

நான் டாக்டர், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. எனக்கு இந்த வேலை ரொம்ப பிடிக்கும், அதனால மெடிசின் வேணாம்னு நான் சொல்ல வரலம்மா. ஆனா உன் எழுத்துல ஒரு இடத்துலகூட நீ டாக்டர் ஆகணும்னு சொல்லல, பெரியப்பா சொன்னது, ஏஜெண்ட் சொன்னது, அப்பா இபிஎஃப் பாத்தது, இவ்வளவுதான் இருக்கு.

அஞ்சு வருஷம் படிப்பு, அப்புறம் ரெண்டு வருஷம் ஹவுஸ்மேன்ஷிப் (ஆஸ்பத்திரில பயிற்சி டாக்டர் வேலை), அதுக்கப்புறமும் கட்டாய சேவை இருக்கு. 2016 டிசம்பர்ல இருந்து புதுசா வர்றவங்கள ஒப்பந்தத்துலதான் எடுக்குறாங்க, நிரந்தர இடம் கிடைக்கிறதுக்கு காத்திருக்கணும், அதுக்காகத்தான் 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த டாக்டருங்க வேலைய விட்டு வெளிய வந்து நின்னாங்க, கொரோனா உச்சத்துல இருந்த நேரம் அது. ஹவுஸ்மேனா இருந்தப்ப ராத்திரி மூணு மணிக்கு ஒரு பாட்டிக்கு பிரானுலா (மருந்து ஏத்துற ஊசிக் குழாய்) போடணும், நரம்பே கிடைக்கல, ரெண்டு தடவை குத்திட்டேன், மூணாவது தடவை அந்த பாட்டி என் கைய தடவி கொடுத்து, அவசரப்படாத கண்ணு, மெதுவா போடுன்னாங்க. அந்த மாதிரி ராத்திரி நூறு வரும், பிடிச்சு வந்தவங்களுக்கே அழுகை வரும். பிடிக்காம வந்தவங்க என் பேட்ச்லயே ரெண்டு பேர் பாதியில விட்டு போயிட்டாங்க, வீட்டுல வாங்குன கடன் அப்படியே இருக்கு.

இன்னொண்ணு, எந்த ஏஜெண்ட் வந்தாலும் அந்த காலேஜ் எம்.எம்.சி (மலேசிய மருத்துவ கவுன்சில்) அங்கீகார பட்டியல்ல இருக்கா, கோர்ஸ் எம்.கியூ.ஏ (படிப்புத் தகுதிய அங்கீகரிக்கிற அரசாங்க அமைப்பு) பதிவுல இருக்கான்னு நீயே வெப்சைட்ல தட்டி பாரு, அவர் காட்டுற பேப்பரை நம்பாத. ஏஜெண்ட்டுக்கு ஒரு ஆளை சேத்தா கமிஷன், அவருக்கு நீ எப்படி படிப்பன்னு கவலை கிடையாது.

கியூஏ_புக்கிட்மெர்தாஜாம்:

மாவு நோட்டை பத்தி படிச்சதும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சும்மா. நான் ஃபுட் டெக்னாலஜிதான், யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் யுனிவர்சிட்டி), 11 வருஷமா உணவு ஃபேக்டரில தரக்கட்டுப்பாடு (கியூஏ) வேலை. நீ பானையில கோடு போட்டு பாத்த விஷயத்துக்கு பேரு இருக்கு. உளுந்துலயே ஒட்டிக்கிட்டு வர்ற லியூகோனோஸ்டாக் மெசென்டராய்டிஸ்ங்கிற பாக்டீரியாதான் முக்கியமா அந்த காத்தையும் புளிப்பையும் குடுக்குது, குளிர்ல அதோட வேகம் குறைஞ்சிடும், அதனாலதான் மழைக்கு மாவு படுத்துக்குது. நீ கையில ஒரு தெர்மாமீட்டர் வச்சு மாவோட சூட்டையும் நோட்டுல சேத்து எழுதியிருந்தா அது அப்படியே ஒரு லேப் ரிப்போர்ட்.

பெரியப்பாவுக்கு பதில் இதுதான். ஒரு வீட்டுல சட்னி கெட்டுப்போனா ஒரு குடும்பத்துக்கு வயிறு சரியில்லாம போகும். ஒரு ஃபேக்டரில பாட்டில்ல அடைக்கிற சாஸ் கெட்டுப்போனா? காத்து புகாம அடைச்சு வெளியில வைக்கிற பொருளுக்கு பிஎச் (புளிப்பை அளக்கிற எண், புளிப்பு கூடுனா எண் குறையும்) 4.6ங்கிற கோடு இருக்கு, அதுக்கு மேல இருந்தா பொட்டுலினம்ங்கிற விஷக் கிருமி வளர வாய்ப்பு உண்டு, அது ஆளையே கொல்லும், அதனால 4.6க்கு மேல உள்ள பொருளை எவ்வளவு சூட்டுல எவ்வளவு நேரம் வேக வைக்கணும்னு கணக்கு போட்டே ஆகணும். அந்த கணக்கை போட்டு கையெழுத்து போடுற ஆளு வேணும், அதுக்குதான் யுனிவர்சிட்டி. உணவுச் சட்டம் 1983, உணவு விதிமுறைகள் 1985, ஹலாலுக்கு எம்எஸ் 1500 தரநிலை, ஹசாப் (உணவுல வர்ற ஆபத்தை முன்கூட்டியே கண்டு தடுக்கிற முறை), இது எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கிறவங்க நாங்கதான். லேப் பக்கம் போகணும்னா உணவு பகுப்பாய்வாளரா பதிவு பண்ணலாம், அதுக்குன்னு 2011ல தனி சட்டமே போட்டாங்க.

சம்பளத்தை மறைக்க விரும்பல. எனக்கு முதல் வேலையில 2,300 வெள்ளி, ஒரு இஞ்சினியர் ஃப்ரெண்டு அப்பவே அத விட நல்லா கூடுதலா வாங்குனா. அஞ்சாவது வருஷத்துல இருந்துதான் எனக்கு நல்லா ஏறுச்சு. வேலை கிடைக்கும், ஆனா பெரும்பாலும் தொழிற்பேட்டைல கிடைக்கும், மோட்டார் சைக்கிளோ காரோ இல்லாம போய் வர்றது கஷ்டம்.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம், நிறைய பிள்ளைங்க இதுல மாட்டிக்குது. யுஎஸ்எம்னாலே பினாங்குன்னு நெனச்சுக்கிறாங்க. ஃபுட் டெக்னாலஜி மெயின் கேம்பஸ்ல, கெலுகோர் பக்கம், நீ வீட்டுல இருந்தே ஃபெரி ஏறி போயிடலாம். டயட்டெட்டிக்ஸ், நியூட்ரிஷன் ரெண்டும் கிளந்தான் கூபாங் கெரியான் கேம்பஸ்ல. இஞ்சினியரிங் நிபோங் திபால்ல. பேரு ஒரே மாதிரி இருக்குன்னு டயட்டெட்டிக்ஸை ரெண்டாவதா போட்டுடாத, அது ஆஸ்பத்திரில நோயாளிக்கு சாப்பாட்டு முறை வகுக்கிற வேலை, முற்றிலும் வேற. செர்டாங் யுபிஎம், பாங்கி யுகேஎம், சபா யுஎம்எஸ் இங்கெல்லாமும் உணவு அறிவியல் இருக்கு, அதையும் 12க்குள்ள சேத்துக்கோ. மெரிட்ல (இடம் குடுக்க பாக்குற மொத்த மார்க்) 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாடம், உன் கொக்குரிக்குலம் மார்க் சரியா ஏறியிருக்கான்னு இப்பவே பாரு, என் கூட படிச்ச பிள்ளைக்கு ஸ்கூல்ல தப்பா ஏத்திட்டாங்க, மூடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் கண்டுபிடிச்சா.

ரெண்டு_பிள்ளை_அப்பா:

பாப்பா, நான் உன் அப்பா வயசு, கோலாலம்பூர்ல இருக்கேன், லோரி ஓட்டுறேன். என் மூத்த பையனை நான்தான் கட்டாயப்படுத்தி ஒரு பிரைவேட் காலேஜ்ல சேத்தேன், எந்த காலேஜ்னு சொல்ல விரும்பல. ரெண்டு வருஷம் கட்டுனேன், அவன் வகுப்புக்கே போகலங்கிறது எனக்கு மூணாவது வருஷம்தான் தெரிஞ்சுது, அவன் சொல்ல பயந்திருக்கான், நான் கேக்கவும் இல்ல, கேட்டா நல்லா போகுதுப்பான்னு சொல்லுவான், நானும் அதோட விட்டுடுவேன். பணம் போனது கூட ஆறிடுச்சு, அவன் மூணு வருஷம் தனியா அந்த பயத்தோட இருந்தான் பாரு, அதுதான் எனக்கு ஆறல. இப்ப அவன் ஏர்கான் படிச்சு நல்லா இருக்கான்.

உன் அப்பா ராத்திரி கைப்பேசில இபிஎஃப் பாத்தாருன்னு எழுதியிருந்த, அது எனக்கு நல்லா புரியுது. அவர் பெரியப்பா முன்னாடி பேசாம இருந்ததும் புரியுது, அண்ணன் முன்னாடி எங்க பேசுறது. நீ அவர் தனியா இருக்கும்போது அந்த மூணு நோட்டையும் கையில குடு. வாயால சொல்லாத, நோட்டை குடு. அப்பனுங்களுக்கு பிள்ளை என்ன பண்ணிக்கிட்டு இருக்குன்னு கண்ணால பாத்தா மனசு மாறும். செலவையும் எழுதி காட்டு, கவர்மெண்ட் யுனிவர்சிட்டில எவ்வளவு, பிடிபிடிஎன் வட்டி மாதிரி பிடிக்கிறது வருஷத்துக்கு 1 விழுக்காடு, முதல் வகுப்புல தேறுனா நிபந்தனைக்கு உட்பட்டு கடன்ல விலக்கு உண்டு, இதெல்லாம் ஒரே பேப்பர்ல. மூணரை லட்சத்துக்கு பக்கத்துல இந்த எண்ணை பாத்தா அவருக்கு மூச்சு வரும்.

பட்டர்வொர்த்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன். அண்ணா சொன்ன மாதிரி பாட அட்டவணைய இறக்கி ஒவ்வொரு பாடமா தேடுனேன், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பயமா இருக்கு, ஆனா மைக்ரோபயாலஜி பக்கத்துல நொதித்தலை பத்தி இருக்கிறத பாத்ததும் மூட மனசு வரல. டயட்டெட்டிக்ஸை உண்மையிலேயே ரெண்டாவதா போட்டு வச்சிருந்தேன் அக்கா, பினாங்குன்னுதான் நெனச்சேன், எடுத்துட்டேன். கொக்குரிக்குலம் மார்க்கை பத்தி நாளைக்கு ஸ்கூலுக்கு போய் கேக்க போறேன்.

மாமா சொன்ன மாதிரி நேத்து அப்பா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது நோட்டை குடுத்தேன். முதல் நோட்டை முழுசா புரட்டுனாரு. அவர் லைன்லயும் இதே மாதிரி மணிக்கு மணி எழுதணுமாம், மெஷின் சூடு, எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட், அந்த ஃபாரத்தை பத்தி எனக்கு அரை மணி நேரம் சொன்னாரு, 22 வருஷத்துல அவர் வேலைய பத்தி அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்னுட்டாரு. இப்ப பக்கத்துல உக்காந்து நீங்க எழுதுனதெல்லாம் என்னை படிக்க சொல்லி கேட்டுக்கிட்டு இருக்காரு. புக்கிட் மெர்தாஜாம் அக்காகிட்ட ஒரு கேள்வி கேக்க சொல்றாரு, அந்த வேலையிலயும் நைட் ஷிஃப்ட் இருக்கான்னு.

கியூஏ_புக்கிட்மெர்தாஜாம்:

அப்பாகிட்ட சொல்லும்மா, இருக்கு. புதுசா சேர்ற கியூஏவுக்கு பெரும்பாலும் ரெண்டு ஷிஃப்ட், சில ஃபேக்டரில மூணு. எனக்கு முதல் மூணு வருஷம் நைட் இருந்துச்சு, அப்புறம் டாக்குமெண்ட் பக்கம் மாறுனதும் ஆபீஸ் நேரம். ஆய்வகத்துல சேந்தா பல இடத்துல பகல் வேலைதான். இண்டர்வியூக்கு கூப்பிட்டா அந்த மூணு நோட்டையும் பையில போட்டுட்டு போ, அதுல இருந்துதான் கேக்க போறாங்க. பள்ளி லீவுல எங்க ஃபேக்டரிய வந்து பாக்க முடியுமான்னு கேட்டு சொல்றேன், அப்பாவையும் கூட்டிட்டு வரலாம், வெள்ளை கோட்டும் தலைக்கவரும் நாங்களே குடுப்போம், மூடுன ஷூ மட்டும் போட்டுக்கிட்டு வாங்க.