நெபுலா ஃபில்டரால் சூரியனைப் பிடிக்கப் போன கதை: ஹைட்ரஜன்-ஆல்ஃபா அனுபவங்கள்

மொட்டைமாடி, மதுரை

சூரியனை ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் (ஹைட்ரஜன் வாயுவுக்கே உரிய ஒரு சிவப்பு அலைநீளத்தில்) படம் எடுக்கிறவர்கள் நம்மில் ஏழெட்டுப் பேராவது இருப்பீர்கள். ஆளுக்கு ஒரு சூடு பட்ட கதை கட்டாயம் இருக்கும். எழுதுங்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் பணமாவது மிச்சமாகும். வெட்கத்தை விட்டு என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நெபுலா, அதாவது விண்வெளி வாயுமேகம், படம் எடுப்பதற்கென்று விற்கிறார்களே, 7 நானோமீட்டர் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர், அதைத்தான் வாங்கினேன். பெட்டியில் 656.3 என்று போட்டிருந்தது. சூரிய விளிம்பின் தீநாக்குகள் ஒளிர்வதும் அதே 656.3 நானோமீட்டரில்தான். அப்புறம் என்ன குறை? தொலைநோக்கியின் வாயில் வழக்கமான சூரியப் படலத்தைக் கட்டி (அதைக் கழற்றும் அளவுக்கு மடையன் இல்லை), கேமராவுக்கு முன்னால் இதைத் திருகினேன். தெரிந்தது அதே பழைய சூரியன், அதே நாலு கரும்புள்ளிகள். நிறம் மட்டும் சிவப்பு.

கணக்கு அப்புறம்தான் புரிந்தது. 7 நானோமீட்டர் என்றால் 70 ஆங்ஸ்ட்ராம். சூரிய நிறமாலையில் ஹைட்ரஜன் விடும் கருங்கோட்டின் அகலமோ ஏறத்தாழ 1 ஆங்ஸ்ட்ராம்தான். மீதி 69-லும் கீழே இருக்கும் ஒளிமண்டலத்தின், அதாவது நாம் வழக்கமாகப் பார்க்கும் சூரியப் பரப்பின், வெளிச்சம் கொட்டுகிறது. கெட்டிமேளம் முழங்கும்போது காதில் ரகசியம் சொன்ன மாதிரி. இரவில் கருவானத்து நெபுலாவுக்கு இந்த அகலம் போதும். சூரியத் தட்டில் இழைகளை (கரிய நூலாகத் தெரியும் வாயுவை) பார்க்க 1 ஆங்ஸ்ட்ராமுக்கும் கீழே போக வேண்டும்; 0.7 வழக்கம், இரண்டு எட்டலானை (இவ்வளவு குறுகிய பட்டையை மட்டும் விடும் ஃபில்டரை) அடுக்கினால் 0.5. விளிம்புத் தீநாக்குகளுக்குப் பின்னால் இருப்பது இருட்டு என்பதால் அங்கே கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். அதற்கும் 70 ஆகாது.

பழையஆசிரியர், ஈரோடு

2010 ஜனவரி 15 கங்கண கிரகணத்துக்குத் தனுஷ்கோடி போயிருந்தோம். கூட வந்த ஒருவரிடம் 60 மி.மீ. பொம்மைத் தொலைநோக்கி, ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடியோடு. லென்ஸ் குவித்த வெயில் முழுக்க அந்தச் சின்ன வட்டத்தின் மேல்தான் விழுகிறது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ‘டிக்’ என்று ஒரு சத்தம். நல்லவேளை, அவர் பையன் அப்போதுதான் கண்ணை எடுத்து அம்மாவைக் கூப்பிடத் திரும்பியிருந்தான். அந்தக் கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறேன். வகுப்பில் விரிசலைக் காட்டுவேன், மாணவர்களே பேசிக்கொள்வார்கள்.

கடலோரம், சென்னை

என் பிரச்சினை வெயில் இல்லை, ஈரம். பழைய 40 மி.மீ. சூரியத் தொலைநோக்கி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். முதல் வருடம் அருமை. இரண்டாம் மழைக்காலம் முடிந்து எடுத்தால் சூரியன் மங்கல். எட்டலான்தான் போச்சு என்று பயந்தேன். எட்டலான் நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம், வேண்டாத ஒளியைத் தடுக்கும் ப்ளாக்கிங் பகுதியில் இருக்கும் சிறு ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், ஓரத்திலிருந்து நடு நோக்கிப் பால் படர்ந்த மாதிரி ஒரு வெண்மை. பூச்சு அடுக்குகளுக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் மாற்றினேன். சூரியன் மறுபடி சிவந்தது.

இப்போது அது இருப்பது ரப்பர் விளிம்பு வைத்த அரிசி டப்பாவில், கூடவே சிலிக்கா ஜெல். வீட்டில் திட்டு விழுந்தது வேறு விஷயம். ஒன்று கவனியுங்கள்: மங்கலானால் எரிச்சல்தான். பூச்சில் ஊசித்துளைபோல வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அதில் கண்ணை வைக்கவே வைக்காதீர்கள்.

புதுசு, திருநெல்வேலி

அண்ணா, ஒருவர் முன்பக்கம் மாட்டும் எட்டலான் மட்டும் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். ப்ளாக்கிங் ஃபில்டர் இல்லையாம். 0.7 ஆங்ஸ்ட்ராம்தானே விடுகிறது, அது மட்டும் போதாதா?

மொட்டைமாடி, மதுரை

போதவே போதாது தம்பி. எட்டலான் என்பது எதிரெதிரே நிற்கும், ஒளியில் ஒரு பகுதியை மட்டும் கடக்கவிடும் இரண்டு கண்ணாடிகள். நடுவில் நூலிழை இடைவெளி. அதற்குள் ஒளி திரும்பத் திரும்ப அடிபட்டு, இடைவெளிக்குப் பொருந்துகிற அலைநீளம் மட்டும் வெளியே வரும். பொருந்துவது ஒன்று மட்டும் இல்லை என்பதில்தான் சிக்கல். சுமார் 10 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒன்று என்று சீப்புப் பல் மாதிரி வரிசையாக வரும். அந்தச் சீப்பில் ஒரு பல்லை விட்டு மற்றதை ஒடிப்பதுதான் ப்ளாக்கிங் ஃபில்டரின் வேலை. அது இல்லாவிட்டால் இழைகளும் தெரியாது, கண்ணுக்கும் ஆபத்து.

வாங்கும்போது அதன் விட்டத்தையும் பாருங்கள். சூரிய பிம்பத்தின் அளவு, குவிதூரத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 500 மி.மீ. குவிதூரம் என்றால் 4.6 மி.மீ. பிம்பம், அதற்கு 6 மி.மீ. ப்ளாக்கிங் ஃபில்டர் போதும். 1,000 மி.மீ. தொலைநோக்கியில் அதையே மாட்டினால் சூரியனின் ஓரங்கள் வெட்டுப்படும்.

வேலூர் வெயில்

பெயரைப் பார்த்தாலே என் கதை தெரிந்திருக்கும். என்னிடம் இருப்பது ஐபீஸ் பக்கம் மாட்டுகிற மைக்கா எட்டலான். உள்ளே சின்ன ஹீட்டர். வெப்பத்தைக் கூட்டினால் அலைநீளம் சிவப்புப் பக்கம் நகரும், குறைத்தால் நீலப் பக்கம். குமிழை ஒரு நிலை திருப்பினால் வெப்பநிலை அங்கே போய் நிற்க ஐந்து பத்து நிமிடம் ஆகும், ஓர் ஈடு இட்லி வேகிற நேரம். அந்தப் பொறுமை வந்துவிட்டது.

வராதது வேறு. அதில் இருப்பது ஹீட்டர், ஏசி இல்லை. சுற்றுப்புறம் அதைவிடச் சூடானால் என்ன செய்யும்? 2024 மே 10, வெள்ளிக்கிழமை. 13664 என்ற அந்த ராட்சதப் புள்ளிக்கூட்டம் வாரம் முழுக்க வெடித்துக்கொண்டிருந்தது. நண்பகல் 12.24-க்கு எக்ஸ் 4 வகைச் சூரிய வெடிப்பு; எக்ஸ்தான் உச்ச வகை. நான் மாடியில்தான் இருக்கிறேன். தொலைநோக்கியின் உலோகக் குழாயில் கை வைக்க முடியவில்லை, வெப்பநிலை சரியானதும் எரிய வேண்டிய விளக்கு பச்சைக்கு வரவே இல்லை. எட்டலான் ஹைட்ரஜன் கோட்டிலிருந்து விலகிச் சிவப்புப் பக்கம் ஓடிவிட்டது. வெடிப்பின் இரண்டு பிரகாசமான பட்டைகள் மட்டும் தெரிந்தன. அவை பக்கவாட்டு அலைநீளங்களிலும் பளிச்சென்று இருக்கும். சுற்றி இருக்க வேண்டிய இழைகள், சுழல்கள் ஒன்றையும் காணோம்.

மறுநாள் அப்பாவின் பழைய வேட்டியை இரண்டாக மடித்து, லென்ஸுக்கு மட்டும் வழி விட்டு, குழாய், எட்டலான் எல்லாவற்றையும் மூடினேன். வேலை செய்கிறது. ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்குள் மூட்டை கட்டிவிடுகிறேன். தளம் சூடானால் அதன்பின் காற்றும் கொதிக்கத் தொடங்கும், எந்த ஃபில்டரும் அதற்கு மருந்தில்லை. ஏப்ரல் கடைசியில் நிழலில்லா நாளை ஒட்டி இன்னொரு கூத்தும் உண்டு. நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு வரும்போது தொலைநோக்கியைத் தாங்கும் மேல்கீழ்-இடவலம் மவுண்ட் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பம்பரம் சுற்றும்.

கடலோரம், சென்னை

வேட்டி யோசனையைத் திருடிக்கொள்கிறேன் சார்.

படத்தில் மரப்பலகை ரேகை மாதிரி கோடுகள் விழுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபில்டரைத் திட்டாதீர்கள். ஒற்றை அலைநீள ஒளி கேமரா சென்சாருக்கும் அதன் மூடுகண்ணாடிக்கும் இடையே விளையாடும் விளையாட்டு, நியூட்டன் வளையங்கள். கேமராவை ஓரிரு டிகிரி சாய்த்தால் போய்விடும். அதற்கென்று அடாப்டர் விற்கிறார்கள். நான் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஒருபக்கம் செருகியிருக்கிறேன். அப்புறம், கலர் கேமரா வேண்டாம். நாலில் ஒரு பிக்சல்தான் சிவப்பு, மற்ற மூன்றும் அநேகமாகச் சும்மா உட்கார்ந்திருக்கும்.

சிறுமலை, திண்டுக்கல்

பிப்ரவரியில் கொடைக்கானல் போனேன். அங்கே காலைக் காற்று கண்ணாடி மாதிரி இருக்கும் என்று 60 மி.மீ. தொலைநோக்கியையும் முன்பக்க எட்டலானையும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டு போனேன். என்னுடையது காற்றிடைவெளி கொண்டது, திருகால் சாய்த்துச் சரிசெய்யும் வகை. ஊரில் சரிசெய்த நிலையை மாற்றவில்லை.

மறுநாள் காலை. வானம் அப்படி ஒரு நீலம். சூரியனைப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. தட்டின் நடுவே முந்தைய நாள் ஊரில் பார்த்த நீளமான கரிய இழை இல்லை. அதற்குப் பக்கத்தில், முன்பு நான் கவனிக்காத ஒரு புகைக்கீற்று மட்டும் கறுப்பாக. பஸ் குலுக்கலில் எட்டலான் பிளந்துவிட்டது என்றே முடிவு செய்து, டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது டீயில்தான் பொறி தட்டியது. கொடைக்கானல் 2,300 மீட்டருக்கு மேல். இடைவெளியில் இருக்கும் காற்றும் அங்கே மெலிந்துவிடும். காற்று மெலிந்தால் ஒளிவிலகல் எண் குறையும், எட்டலான் தேர்ந்தெடுக்கும் அலைநீளமும் குறையும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். திண்டுக்கல்லுக்கும் கொடைக்கானலுக்கும் வெப்பநிலை வித்தியாசத்தையும் சேர்த்து, சுமார் 0.3 ஆங்ஸ்ட்ராம் நீலப் பக்கம் நகர்ந்திருக்கிறது. என் ஃபில்டரின் அகலமே 0.7! சாய்ப்பதும் அதே நீலப் பக்கம்தான் தள்ளும் என்பதால், மேலும் திருகினால் இன்னும் கெடும். திருகைப் பின்னால் தளர்த்தினேன். இழை வந்துவிட்டது.

அந்தப் புகைக்கீற்று? நம்மை நோக்கி எழும்பிய வாயுவாகத்தான் இருக்க வேண்டும். வினாடிக்கு 15 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் கோடு 0.33 ஆங்ஸ்ட்ராம் நீலப் பக்கம் நகரும். தப்பான இடத்தில் நின்ற ஃபில்டருக்கு அது மட்டும் சரியாகக் கிடைத்திருக்கிறது. இப்போதெல்லாம் ஊரிலும் வேண்டுமென்றே அரைச்சுற்று கூடுதலாகத் திருகி ஒரு வீடியோ எடுத்து வைக்கிறேன்.

காற்றழுத்தத்தைப் பிஸ்டனால் மாற்றிச் சரிசெய்யும் வகைகளுக்கு இந்த மலைத் தொல்லை இல்லை. இடைவெளி மூடிய அறைக்குள் இருக்கிறது.

லேத்பட்டறை, கோவை

ஃபில்டரே இல்லாத என் கதையும் இங்கே சேருமா? பிரான்சின் கிறிஸ்தியன் புய் வடிவமைத்த சோலெக்ஸ் என்ற நிறமாலைக் கருவியை முப்பரிமாண அச்சில் எடுத்துப் பூட்டினேன். 10 மைக்ரான் பிளவு, மில்லிமீட்டருக்கு 2,400 கோடுகள் கொண்ட, ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கிரேட்டிங். சூரிய பிம்பத்தைப் பிளவின் குறுக்கே நகரவிட்டு நிறமாலையை வீடியோ எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும் ஹைட்ரஜன் கோட்டை மட்டும் உருவி, மென்பொருள் வரிவரியாக முழுச் சூரியனை நெய்துவிடும். தறி ஓட்டுகிற ஊர்க்காரனுக்கு இது உடனே பிடித்துப்போனது.

எட்டலானை விடச் செலவு பல மடங்கு குறைவு. பட்டையும் நல்ல எட்டலானைவிடக் குறுகல். ஆனால் ஐபீஸில் கண் வைத்து வியக்க முடியாது, காற்று ஆடினால் சூரியனின் விளிம்பு ரம்பப் பல் ஆகும். தத்துவம் புதிதில்லை. சிறுமலைக்காரர் டீ குடித்த அதே ஊரில், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1912 முதல் ஹைட்ரஜன்-ஆல்ஃபா படங்களைப் பிளவு நகர்த்தித்தான் எடுத்தார்கள், ஒளிப்படத் தகட்டில். அங்கேயே 2014-இல் வந்த 20 செ.மீ. தொலைநோக்கி 0.4 ஆங்ஸ்ட்ராம் லியோ ஃபில்டருக்கு (பிளவு தேவையில்லாத குறும்பட்டை ஃபில்டருக்கு) மாறிவிட்டது. நான் பழைய வழிக்குப் போயிருக்கிறேன்.

பழையஆசிரியர், ஈரோடு

இன்னும் பின்னால் போகலாமே. 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்தைக் குண்டூரில் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், தீநாக்குகளின் கோடுகள் இவ்வளவு பிரகாசமாக இருந்தால் கிரகணம் எதற்கு என்று யோசித்து, மறுநாளே பட்டப்பகலில் நிறமாலைமானியால் அவற்றைப் பார்த்துவிட்டார்.

புதுசு, திருநெல்வேலி

எட்டலானை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் சேலத்து மாமா வீட்டுக்குப் போகிறேன். அவர் தன்னுடைய சாய்க்கும் வகையை ஏற்காட்டுக்கு எடுத்துப் போகலாம் என்கிறார். அங்கேயும் நகருமா?

சிறுமலை, திண்டுக்கல்

நகரும், ஆனால் கொஞ்சம். ஏற்காடு 1,500 மீட்டர், சேலத்திலிருந்து போனால் 0.2 ஆங்ஸ்ட்ராமுக்குப் பக்கத்தில் வரும். கிளம்பும் முன் மாமாவின் திருகில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேலே போய்ப் பின்பக்கமாகத் திருப்புங்கள்.