தினம் ஒரு தியானமா, தினமும் ஒரே தியானமா?

குன்னூர்_குளிர்:
வணக்கம் மக்களே. நாலு வருஷமா ஏதோ ஒரு தியானம் பண்ணிட்டு இருக்கேன், அந்த "ஏதோ ஒரு"தான் பிரச்னையே. மொதல்ல வேதாத்திரி மகரிஷியோட மனவளக்கலையில தீட்சை வாங்கி புருவ மத்தியைக் கவனிக்கிற ஆக்கினை தவம், அப்புறம் கோயங்கா முறையில பத்து நாள் விபாசனா (உடம்புல வர்ற உணர்ச்சியைக் கவனிக்கிறது), அதுக்கப்புறம் கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில போதி ஜென்டோங்கிற ஜென் தியான மையத்துல நாலு நாள், நடுவுல போன்ல ஒரு ஆப் வேற, தினம் ஒரு புதுக் குரல் வந்து கண்ணை மூடச் சொல்லும். இப்ப காலைல அஞ்சே காலுக்குக் கம்பளியைப் போத்திட்டு உக்காந்தா இன்னைக்கு எதைப் பண்ணலாம்னு யோசிக்கிறதுலயே பத்து நிமிஷம் போயிடுது. புருவ மத்தியில ஆரம்பிச்சு, மூக்கு நுனிக்கு வந்து, பாதியில மூச்சை எண்ண ஆரம்பிச்சு, ஏழுல விட்டுட்டு செல்லை எடுத்துடறேன். ஒண்ணையே பிடிச்சுக்கணுமா, மாத்தி மாத்தி பண்ணலாமா? பத்து இடத்துல பத்தடி தோண்டுனவன் கதையை மட்டும் யாரும் எடுத்துட்டு வராதீங்க, எங்க பக்கம் ஊத்துல இருந்து பைப் போட்டுத்தான் தண்ணி எடுக்கறோம்.

கவாத்து_கத்தி:
தம்பி, கிணறு வேணாம், தேயிலை சொல்றேன். கோத்தகிரில சின்னத் தோட்டம் வச்சிருக்கேன். கவாத்து வெட்டின செடியைப் பாத்திருக்கியா, வெறும் குச்சி, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு கொழுந்து கிள்ள முடியாது, புதுசா வர்றவங்க செத்துப்போச்சான்னு கேப்பாங்க. ஒவ்வொரு தியானத்துக்கும் அந்தக் குச்சிக் காலம் உண்டு, நீ கரெக்டா அந்த நேரத்துல செடியைப் புடுங்கிட்டு அடுத்ததுக்குப் போயிடறே. பதினோரு வருஷமா எனக்கு மூச்சு மட்டும்தான். ரெண்டாவது வருஷத்துல ஆறு மாசம் கால் மரத்துப் போனதைத் தவிர ஒண்ணுமே நடக்கல.

நைட்_டூட்டி:
அண்ணா, உங்க செடி ஒரே எடத்துல நிக்குது, நான் மூணு ஷிஃப்ட்டுல நிக்கிறேன். ஊட்டில நர்ஸ். சின்ன வயசுலேர்ந்தே வீசிங், மூச்சைக் கவனின்னு சொன்னாலே நெஞ்சு இறுகி அடுத்த மூச்சு வருமா வராதான்னு பயம் பிடிச்சுக்கும், டிசம்பர் உறைபனில கேக்கவே வேணாம். கிளாஸ்ல சொன்னா "விடாம பண்ணுங்க சரியாயிடும்"னாங்க. மூணு மாசம் விடாம பண்ணேன், விடாம பயந்தேன். இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு மேல வார்டு அடங்கினதும் காரிடார்ல நடக்கிறேன், குதிகால் படுறது, பாதம் பரவறது, கட்டைவிரல் அழுத்தறது, இருபது அடி போய் திரும்பறது, டிரிப் முடிஞ்ச சத்தம் கேட்டா ஓடறது. வீட்டுக்கு வந்து படுத்தா தலைல இருந்து ஒவ்வொரு உறுப்பா கவனிச்சுட்டே வருவேன், இடுப்புக்குக் கீழ போனதே இல்ல, தூங்கிடுவேன். ஒண்ணே ஒண்ணுன்னா எனக்கு இதுல எது?

கவாத்து_கத்தி:
மூச்சு ஒத்துக்கலைன்னா நடையையே பிடிச்சுக்கோம்மா. நாலு வச்சுக்காதேங்கறேன்.

நைட்_டூட்டி:
ரெண்டுதாண்ணா.

கவாத்து_கத்தி:
ரெண்டு பரவால்ல.

நைட்_டூட்டி:
ரெண்டு பரவால்லைன்னா மூணு ஏன் தப்பு? 😀

பெருமாள்மலை_ஜீப்:
இந்த ஜென்டோவுக்கு நான்தான் பாதிப் பேரைக் கொண்டு விடறேன். வண்டில ஏறினதும் போன எடமெல்லாம் லிஸ்ட் சொல்றவங்க ஒரு ரகம், அவங்க வழியிலேயே அடுத்து எங்க போகலாம்னு என்னையே கேப்பாங்க. ஆனா ஒண்ணு, அங்க 25 நிமிஷம் உக்காந்தா எழுந்து மெதுவா நடை, மறுபடி உக்காரணும், நடையும் அதுல சேத்திதான். இன்னொண்ணு, அதை 1996-ல ஆரம்பிச்ச ஆமா சாமி யேசு சபைப் பாதிரியார், ஜப்பான் போய் யமாதா கோஉன்ங்கிற ஜென் ஆசான்கிட்ட கத்துக்கிட்டு வந்தவர். நமக்கு நம்ம வழி போதும்னு அவர் இருந்திருந்தா அந்த எடமே கிடையாது.

கவாத்து_கத்தி:
நாலு நாள் உக்காந்துட்டா அவர் ஆசானாகி வந்தார்? அந்த ஒண்ணுல வருஷக்கணக்கா கிடந்தார்ப்பா.

பழைய_ஏடு:
அஞ்சாம் நூற்றாண்டுல புத்தகோசர்ங்கிற பௌத்தத் துறவி எழுதின விசுத்திமக்கம்ங்கிற நூல் தியானத்துக்கு 40 பொருள் சொல்லுது, மண் வட்டத்தைப் பாக்கறதுல ஆரம்பிச்சு பிணத்தைப் பாக்கறது வரைக்கும். ஆள் சுபாவத்தை ஆறு வகையா பிரிச்சு, ஆசை மிஞ்சினவனுக்குப் பிணம், கோவக்காரனுக்கு அன்பு பாவனை, மனசு தாவிக்கிட்டே இருக்கிறவனுக்கு மூச்சுன்னு போகும். 40-ம் ஒருத்தனுக்கே இல்ல. எல்லாருக்கும் பொதுவா அன்பு பாவனையும் மரண நினைவும், அதுக்கு மேல ஆசான் பாத்துக் கொடுத்த ஒண்ணு, அது எப்பவும் கூடவே இருக்கணும். இப்ப ஆப்ல 40-ம் இருக்கு, பாத்துக் கொடுக்கிற ஆள்தான் இல்ல.

குன்னூர்_குளிர்:
தாவிக்கிட்டே இருக்கிறவனுக்கு மூச்சா, என்னைப் பாத்தே எழுதின மாதிரி இருக்கு. ஆனா கவாத்து அண்ணா, பத்து நாள் கோர்ஸ்ல மொத மூணு நாள் ஆனாபானா, அதாவது மூச்சைக் கவனிக்கிறது, நாலாவது நாள்லேர்ந்து உடம்புல வர்ற உணர்ச்சி, கடைசி நாள் மைத்ரி, அதான் அன்பு பாவனை. இது ஒண்ணா மூணா? ஆக்கினையில தலை பாரமானா கவனத்தை முதுகுத்தண்டு அடிக்குக் கொண்டுபோற சாந்தி தவம் பண்ணி இறக்கிக்கச் சொல்லி வேதாத்திரி மகரிஷி வச்சதும் அதே கதைதானே?

கவாத்து_கத்தி:
ஒரு ஏணிக்குப் பல படி இருக்கும்தான். படியை நீயா எண்ணாதே, ஏணியை மாத்தாதே. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வேணாங்கறேன். கோயங்கா முறையில நீளமான கோர்ஸ் போகணும்னா அதுக்கு முன்னாடி கொஞ்ச காலமாவது வேற முறையைக் கலக்காம இதை மட்டும் பண்ணியிருக்கணும்னு கண்டிஷனே வச்சிருக்காங்க, சும்மாவா?

பெருமாள்மலை_ஜீப்:
பச்சைத்தேயிலை விலை விழுந்தப்ப பாதித் தோட்டத்துல காய்கறி போட்டவங்க எல்லாம் கோத்தகிரில இல்லையாக்கும்.

கவாத்து_கத்தி:
அரை ஏக்கர் பீன்ஸ் போட்டேன். அது வயித்துப்பாடு, இதோட சேக்காதே.

சும்மா_ஒரு_ஐடி:
எதுக்கு இவ்ளோ பேச்சு, எதையாவது 66 நாள் விடாம பண்ணு ப்ரோ, பழக்கமாயிடும், சயின்ஸ்.

நைட்_டூட்டி:
அந்த சயின்ஸை முழுசா படிங்க. 2010-ல வந்த லண்டன் ஆய்வு அது, 96 பேர், 66ங்கறது நடுவாந்திரக் கணக்கு, ஆளுக்கு ஆள் 18 நாள்லேர்ந்து 254 வரைக்கும் போகுது. அவங்க பழகினதும் பழம் சாப்பிடறது, தண்ணி குடிக்கிறது, கொஞ்சம் ஓடறது இப்படி. நடுவுல ஒரு நாள் விட்டாலும் ஒண்ணும் குடி முழுகலைன்னும் அதுலயே இருக்கு. தினமும் அதே சமயத்துல, அதே வேலைக்கு அப்புறம் பண்றதுதான் அதுல முக்கியம். குளிர் தம்பி, உங்களுக்கு அஞ்சே காலும் கம்பளியும் ஏற்கெனவே பழகிடுச்சு, உக்காந்தப்புறம்தான் கடையைத் திறக்கறீங்க. எதுன்னு ராத்திரியே முடிவு பண்ணிட்டுப் படுங்க.

கவாத்து_கத்தி:
இதை நான் ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு போதும்.

குன்னூர்_குளிர்:
ஒம்பது நாள் கழிச்சு வர்றேன். ஆப்பைத் தூக்கிட்டேன், மூச்சு மட்டும். மூணாவது நாள் திண்ணைப் பக்கம் தகர டப்பா உருள்ற சத்தம், ஜன்னல்ல பாத்தா கரடி, சமையல் எண்ணெய் கேனை ரெண்டு கையால கட்டிப்பிடிச்சு உக்காந்து நக்கிட்டு இருக்கு. அவ்ளோ கவனமா எதையும் நான் நாலு வருஷத்துல பாத்ததே இல்ல. நைட்_டூட்டி அக்கா சொன்ன மாதிரி ஒரு நாள் விட்டுப்போச்சு, மறுநாள் உக்காந்துட்டேன்.

கவாத்து_கத்தி:
அன்னைக்குக் கரடி போனதும் திரும்ப உக்காந்திருக்கலாமே?

குன்னூர்_குளிர்:
அது போகவே ஏழு மணி ஆச்சுண்ணா.