புதுப்பிப்பு: அமெரிக்காவில் காட்டுவாத்து வேட்டைக்கான அனுமதிகள்

மாநில வேட்டை உரிமம் ஒன்றே காட்டுவாத்து வேட்டைக்குப் போதுமா என்ற கேள்வியை முந்தைய பதிவில் முடிக்காமல் விட்டிருந்தேன். போதாது என்பதே விடை. 16 வயது நிரம்பியவர்கள் மாநில உரிமத்தோடு, 25 டாலர் விலையுள்ள கூட்டரசின் ‘டக் ஸ்டாம்ப்’ என்ற, அஞ்சல்தலை போன்ற அனுமதி வில்லையையும் வாங்க வேண்டும். தாள் வில்லையானால் அதன் முகப்பில் மையால் கையொப்பமிட வேண்டும். 2023 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டதால், மின்வடிவ வில்லையே இப்போது ஜூன் 30 வரை பருவம் முழுவதற்கும் செல்லும். இவற்றோடு, ‘ஹிப்’ (Harvest Information Program) எனப்படும் வேட்டைத் தகவல் பதிவை வேட்டையாடும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே செய்ய வேண்டும். புறா வேட்டைக்கு வில்லை தேவையில்லை, ஆனால் ஹிப் பதிவு தேவை.

ஈயக் குண்டுகள் நீர்ப்பறவை வேட்டையில் 1991 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளன. சேற்றில் கிடக்கும் குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கும் வாத்துகளும், அவற்றைத் தின்னும் கழுகுகளும் நஞ்சேறி மடிந்ததால் வந்த இந்த விதியை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன்.

புதியவர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியது தீனி பற்றிய விதியில்தான். பறவைகளை ஈர்க்கத் தூவிய தானியத்தை முழுவதுமாக அகற்றிய பின்னரும் 10 நாட்களுக்கு அவ்விடத்தில் சுடக் கூடாது. தீனி இருந்ததை நியாயமாக அறிந்திருக்க வேண்டியவர், தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே நிலத்தின் உரிமையாளரிடம் முன்கூட்டியே நேரடியாகக் கேட்டுவிடுங்கள். நாளொன்றுக்கான பறவை வரம்பும் பருவத் தேதிகளும் ஆண்டுதோறும் மாறுவதால், அவற்றை அந்தந்த மாநிலத்தின் நடப்பாண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.