புதுப்பிப்பு: ஓட்டத்தால் பாதத்தில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (தொடர் அழுத்தத்தால் எலும்பில் வரும் சிறு விரிசல்), இப்போது மறுபடி ஓடுகிறேன்

பெங்களூரு கப்பன் பார்க்கில் ஓடும்போது வலது பாதத்தின் மேல்புறம் வலி வந்தது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"எக்ஸ்ரேயை மட்டும் நம்பாதீங்க, எம்ஆர்ஐ எடுங்க" என்று ஒருவர் சொன்னதுதான் காப்பாற்றியது. இரண்டாம் மெட்டாடார்சல் எலும்பில் (பாதத்தில் இரண்டாம் விரலுக்குப் பின்னால் உள்ள நீள எலும்பு) மயிரிழை விரிசல். இது முதல் 2, 3 வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு ஆறத் தொடங்கிய பிறகுதான் தெரியும். டாக்டர் வாக்கிங் பூட் (பாதத்தை அசையாமல் தாங்கும் தடித்த காலணி) கொடுத்தார். 6 முதல் 8 வாரம் ஓட்டம் கூடாது, வலி இல்லையென்றால் நீச்சல் போகலாம் என்றார்.

பூட் போட்ட கால் உயர்ந்து நின்றதால் இடுப்பு வலித்தது, இதை எதிர்பார்க்கவில்லை. இடது காலுக்குத் தடித்த அடியுள்ள ஷூ போட்டதும் சரியானது. அப்புறம், ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு. விடியுமுன் ஓடிவிட்டு நாள் முழுக்க அலுவலகத்தில் இருக்கும் பெங்களூரு ஆட்கள் இதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

விரிசல் இருந்த இடத்தை அழுத்தினாலும் வலி இல்லை என்றான பிறகே ஓட அனுமதி கிடைத்தது. இப்போது லால்பாக்கில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மறுநாள் காலை வலித்தால் அன்று ஓடுவதில்லை.