மூன்று காஸ்மோஸ் டிபி கணக்குகளை ஒரே தரவுத்தளத்தில் சேர்த்த அனுபவம்

முதல் பதிவு

அனைவருக்கும் வணக்கம். பல கணக்குகளில் பிரிந்து கிடக்கும் நோஎஸ்க்யூஎல் தரவை, அதாவது நிலையான அட்டவணை வடிவம் இல்லாத தரவை, ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதை முதலில் வைக்கிறேன். நான் பணிபுரியும் நிறுவனம் மளிகைப் பொருள்களை மொத்தமாக விற்பது. அது வேறு இரண்டு சிறிய நிறுவனங்களை வாங்கியபோது, ஆர்டர்கள் மைக்ரோசாஃப்ட்டின் மேகத் தரவுத்தளமான அஷூர் காஸ்மோஸ் டிபியில் மூன்று தனித்தனிக் கணக்குகளில் இருக்கும் நிலை வந்தது. பழைய செயலிகள் தத்தம் கணக்கிலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்க, மூன்றையும் சேர்த்து அறிக்கை எடுப்பதற்கு ஒரு பொதுத் தரவுத்தளம் வேண்டும் என்பதே எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை.

காஸ்மோஸ் டிபியில் பல பிராந்தியங்களுக்குத் தரவு பிரதியாவது ஒரே கணக்குக்குள் நடப்பது. ஒரு கணக்கின் தரவை இன்னொன்றோடு சேர்க்க அது உதவாது. ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் மாற்றங்களை வரிசையாகத் தரும் சேஞ்ச் ஃபீடைப் படித்து, வரும் ஆவணத்தைப் பொதுக் கன்டெய்னரில் (ஆவணங்களைச் சேமிக்கும் தொகுப்பில்) அப்சர்ட் செய்யும், அதாவது இல்லையென்றால் சேர்த்து, இருந்தால் அதன் மேலேயே எழுதும் நிரலை எழுதினோம். ஒரே மாற்றம் சில வேளைகளில் இரண்டாம் முறையும் வரக்கூடும் என்பதால் அப்சர்ட்தான் பொருத்தம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரியானதே. ஆனால் எங்கள் முதல் தவற்றை மறைத்ததும் அதே அப்சர்ட்தான்.

நான்காம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா அச்சிட்ட பில்லோடு என் மேசைக்கு வந்தார். “சார், 1042ஆம் ஆர்டர் பொன்னி அரிசி, 25 கிலோ மூட்டை நாற்பது. திரையில் பாருங்கள், துவரம் பருப்பு என்று வருகிறது, முகவரியும் வேறு” என்றார். மூன்று நிறுவனங்களுமே ஆர்டர் எண்ணையும் வாடிக்கையாளர் எண்ணையும் 1 முதல் வரிசையாகக் கொடுத்து வந்தவை. ஓர் ஆவணத்தின் ஐடி, தரவைப் பகுதிகளாகப் பிரிக்கும் புலமான பார்ட்டிஷன் கீயின் ஒரு மதிப்புக்குள் மட்டுமே தனித்தன்மை உடையது. எங்கள் ஐடி ஆர்டர் எண், பார்ட்டிஷன் கீ வாடிக்கையாளர் எண். அதுவும் இரண்டு கணக்குகளில் ஒன்றாக அமைந்த இடங்களிலெல்லாம், பின்னால் வந்த ஆவணம் முன்னால் இருந்ததை எந்தப் பிழைச்செய்தியும் இன்றி அழித்து எழுதியிருந்தது. முதல் ஏற்றத்தை மட்டுமாவது அப்சர்ட்டாக இல்லாமல், புதிதாகச் சேர்க்க மட்டும் செய்யும் கிரியேட்டாகச் செய்திருந்தால், 409 என்ற மோதல் பிழை முதல் நிமிடத்திலேயே எங்களை எச்சரித்திருக்கும்.

ஐடியின் முன்னால் மூலக் கணக்கின் குறியைச் சேர்த்து, பழைய ஐடியைத் தனிப் புலத்தில் வைத்தோம். கணக்கின் குறியையே பார்ட்டிஷன் கீயாக வைக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். ஒரு கீ மதிப்பின் கீழ் 20 ஜிபிக்கு மேல் வைக்க முடியாது என்பதால் அதை ஏற்கவில்லை. கணக்குக் குறியும் வாடிக்கையாளர் எண்ணும் சேர்ந்த ஒரே சரத்தைக் கீயாக்கினோம். பார்ட்டிஷன் கீயைப் பிறகு மாற்ற முடியாது என்பதால் கன்டெய்னரையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. திருத்திய நிரலை, தொடக்கத்திலிருந்து படி என்ற அமைப்போடு ஓட்டினோம். ஓர் ஆவணம்கூட வரவில்லை. லீஸ் கன்டெய்னரில் பழைய லீஸ்கள் (ஃபீடை எதுவரை படித்தோம் என்ற குறிப்புகள்) இருக்கும்வரை தொடக்க நேர அமைப்பு கணக்கில் கொள்ளப்படாது என்பதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது. ஃபீடைப் படிக்கும் பகுதியான புராசஸருக்குப் புதுப் பெயர் கொடுத்த பிறகுதான் தரவு வரத் தொடங்கியது.

நேரக்குறியில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. ஆவணம் கடைசியாக எழுதப்பட்ட வினாடியைக் காஸ்மோஸ் டிபி தானே டிஎஸ் என்ற புலத்தில் பதிக்கிறது. நகல் எழுதப்படும்போது அந்தப் புலத்தில் நகலெடுத்த நேரம் விழுகிறது. மூல நேரத்தை நாமே வேறு புலத்தில் எடுத்து வைக்காவிட்டால் அது போனது போனதுதான். ஆயுட்கால அமைப்பான டிடிஎல்லும் அந்த நேரத்திலிருந்தே எண்ணப்படுவதால், மறுநாள் காலாவதியாக வேண்டிய 30 நாள் விலைச்சலுகைகள் பொதுத் தரவுத்தளத்தில் மேலும் 30 நாள் ஆயுளைப் பெற்றுவிட்டன. இப்போது மீதமுள்ள வினாடிகளைக் கணக்கிட்டு எழுதுகிறோம். மீதம் இல்லையென்றால் எழுதுவதே இல்லை.

அழிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேஞ்ச் ஃபீடின் வழக்கமான முறையில், சேர்ப்பும் திருத்தமும் வரும், அழிப்பு வராது. இரண்டு கணக்குகளின் குழுவினர், உடனே அழிக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறியிட்டு, சில நாள் டிடிஎல் கொடுக்க ஒப்புக்கொண்டனர். மூன்றாவது கணக்கின் செயலியை எழுதியவர்கள் யாரும் இப்போது பணியில் இல்லை. அதன் நிரலில் கைவைக்க எங்களுக்குத் துணிவும் இல்லை. அந்தக் கணக்கில் தொடர் காப்பு வசதியை இயக்கி, எல்லாப் பதிப்புகளையும் அழிப்புகளையும் தரும் முறையில் ஃபீடைப் படிக்கிறோம். அந்த முறை பழைய தரவைத் தொடக்கத்திலிருந்து தராது என்பதால், அதை முதலில் ஓடவிட்டு, வந்தவற்றைச் சேமித்து வைத்துக்கொண்டு, பழைய தரவு முழுவதும் வந்து சேர்ந்த பிறகே அவற்றைப் பொருத்தினோம்.

மறுமொழி

உங்கள் பதிவைப் படித்ததும் எங்களுக்கு நேர்ந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் பயன்படுத்துவது அமேசானின் நோஎஸ்க்யூஎல் தரவுத்தளமான டைனமோடிபி. ஒவ்வொரு கிளைக் கணக்கிலும், மாற்றங்களைத் தரும் ஸ்ட்ரீமைப் படிக்கும் ஒரு லாம்டா (மாற்றம் வரும்போது தானாக ஓடும் சிறு நிரல்), மையக் கணக்கில் எழுதும் உரிமை பெற்று, அங்குள்ள ஒரே டேபிளில் எழுதுகிறது. இந்த ஸ்ட்ரீமில் அழிப்பும் வருவதால் உங்களுடைய கடைசிச் சிக்கல் எங்களுக்கு இல்லை. ஆனால் ஸ்ட்ரீமில் ஒரு பதிவு 24 மணி நேரம் மட்டுமே இருக்கும்.

நாங்களும் உங்களைப் போலவே மூலக் கணக்கின் பெயரையும் மூல நேரத்தையும் ஒவ்வொரு பதிவோடும் சேர்த்தோம். டைனமோடிபியில் ஒரு பதிவு, புலங்களின் பெயர்களும் சேர்ந்து, 400 கேபியைத் தாண்டக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லையை ஒட்டியிருந்த ஒரு பதிவு, நாங்கள் சேர்த்த அந்த இரண்டு புலங்களால் எல்லையைத் தாண்டியது. எழுதுவது தோற்றது, லாம்டா அதையே திரும்பத் திரும்ப முயன்றது, ஸ்ட்ரீமின் ஒரு பிரிவான அந்த ஷார்டில் அதற்குப் பின்னால் நின்ற எல்லாம் தேங்கின. மற்ற ஷார்டுகள் வழக்கம்போல் ஓடியதால் மேலோட்டமாகப் பார்த்தவருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கவனித்தபோது, தேங்கியவற்றில் பல காலம் கடந்து மறைந்திருந்தன. கடந்த நேரத்து நிலையை மீட்க உதவும் பாயிண்ட் இன் டைம் ரெக்கவரி இயக்கத்தில் இருந்ததால், அந்த டேபிளை அமேசானின் கோப்புச் சேமிப்பான எஸ்3க்கு ஏற்றுமதி செய்து மீண்டும் ஒப்பிட்டுச் சேர்த்தோம். இப்போது மறுமுயற்சிக்கு வரம்பு வைத்து, தோற்ற பதிவின் விவரத்தைத் தனி வரிசைக்கு அனுப்புகிறோம். லாம்டா எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் இட்டரேட்டர் ஏஜ் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் பணியில் இருப்பவருக்கு அழைப்பு போகும். நீங்கள் எண்ணிக்கையை எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதிவிட்டவர்

மிக்க நன்றி. மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் ஒன்று கூடி ஒன்று குறைந்தாலும் சரியாகவே தெரியும் என்பதால், கணக்கு வாரியாக, மூல நேரத்தின்படி ஒவ்வொரு மணிக்கும் எத்தனை ஆவணங்கள் என்று இரு பக்கமும் எண்ணுகிறோம். கடைசி ஒரு மணி நேரத்தை விட்டுவிடுகிறோம். வேறுபாடு தெரிகிற மணி நேரத்தின் ஐடிகளை மட்டும் எடுத்து ஒப்பிடுவதால் செலவும் கட்டுக்குள் இருக்கிறது.

நீங்கள் எழுதிய அளவுப் பிரச்சினை எங்களிடமும் இருக்குமோ என்று இன்று காலை பார்த்தேன். காஸ்மோஸ் டிபியில் எல்லை 2 எம்பி. மூன்றாவது கணக்கில், பில்லின் படத்தையே ஆவணத்துக்குள் வைத்திருக்கும் ஆர்டர்கள் சில 1.9 எம்பியைத் தாண்டி நிற்கின்றன. அவற்றின் நகலில் படத்தை நீக்கி, அஷூரின் கோப்புச் சேமிப்பான பிளாப் ஸ்டோரேஜில் வைத்து, இணைப்பை மட்டும் எழுதும்படி நிரலை இன்றே மாற்றத் தொடங்கியிருக்கிறேன்.